குன்றாண்டாரும் குழம்பில் உப்பும்

சிற்பங்களைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் கண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியுமானால் எவ்வளவோ சௌகரியமாயிருக்கும். ஆனால் கண் போகுமிடமெல்லாம் வயிறும் கூடவே வந்துவிடுகிறது. அதுவும் சரியாகப் பகல் பன்னிரண்டரை மணிக்கு, 'நானும் வந்திருக்கிறேன்' என்று ஞாபகப்படுத்துகிறது. பல்லவர் காலத்துக் குடைவரையின் வாசலில் நின்றுகொண்டு, "இங்கே காபி எங்கே கிடைக்கும்?" என்று கேட்காத கலாரசிகர் யாராவது இருந்தால் அவருக்கு எங்கள் நமஸ்காரம். நாங்கள் அந்த வகையைச் சேர்ந்தவர்கள் அல்ல.

ஆகையால், புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவிலுக்கு நாங்கள் போய்வந்த கதையை எழுதும்போது சாப்பாட்டைப் பற்றியும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. உள்ளபடி சொன்னால், சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகமாக எழுத வேண்டியிருக்கிறது. இதற்காக வாசகர்கள் எங்களை மன்னிக்க வேண்டும். முழுவதும் படித்துவிட்டு மன்னித்தால் போதும்.

நாங்கள் மொத்தம் ஐந்து பேர். எங்கள் பெரியப்பா எண்பதை எட்டிக்கொண்டிருப்பவர். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மைத்துனர் வண்டிக்குச் சொந்தக்காரர். வண்டி தம்முடையது என்பதால் அபிப்பிராயமும் தம்முடையதே நிலைக்க வேண்டும் என்று நினைப்பவர். எங்கள் இல்லத்தரசி, கல்லூரியில் படிக்கும் எங்கள் புதல்வி ஆகியோருடன், பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்கியாண்டும் குடும்பத்தில் நால்வரை அடக்க முடியாதவர்களாகிய நாங்களும் சேர்ந்து ஐந்து.

காலையில் திருச்சியிலிருந்து புறப்பட்டு முதலில் புதுக்கோட்டைக்கே போய்ச் சேர்ந்தோம். இன்று ஒரு மாவட்டத்தின் தலைநகராக இருக்கும் இவ்வூர், 1948-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் தேதி வரையில் தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானத்துக்குத் தலைநகராக இருந்தது. அன்று இந்திய யூனியனோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஒரு பகுதியாகியது; பிறகு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி தனி மாவட்டமாயிற்று. திருக்கோகர்ணத்தில் 1910-ஆம் ஆண்டில் ஏற்பட்ட அரசாங்க அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, மேலே சொன்ன வயிறு மணியடித்தது.

ஊரின் நடுவில், நாலு திசைக் கூட்டமும் வந்து மோதுகிற ஓர் இடத்தில், ஓர் ஓட்டல் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்ல மாட்டோம். புகழ்ந்தால் விளம்பரம் என்பார்கள். இகழ்ந்தால் வக்கீல் நோட்டீஸ் வரும். எங்கள் அனுபவமோ இரண்டும் கலந்தது.

உள்ளே கோர்ட்டுக்கு வந்த கட்சிக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்த உறவினர்கள், கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்த குடும்பங்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருமாக ஏககாலத்தில் "சாம்பார்!" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை. பெண்கள் இருவரும் ஒரு மேஜையில்; மைத்துனரும் நாங்களும் மின்விசிறிக்கு எட்டாத ஒரு மூலையில்; பெரியப்பா சுவரோரத்தில் தனியாக ஒரு சிறு மேஜையில். அவர் எதிரில் காலியாயிருந்த நாற்காலியில், நகரைத் துப்புரவு செய்யும் தொழிலாளி ஒருவர், வேலைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். சர்வர் இருவருக்கும் ஒரே சமயத்தில் இலை போட்டுத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்து கூடியதும், ஐந்து பேர் ஐந்து ஓட்டல்களில் சாப்பிட்டு வந்தாற்போல் இருந்தது.

"முட்டைக்கோஸ் பொரியல் நம் வீட்டில்கூட இவ்வளவு பதமாக வருவதில்லை" என்றாள் இல்லத்தரசி. இது எவ்வளவு பெரிய நற்சாட்சி என்பதைக் குடும்பஸ்தர்கள் அறிவார்கள்.

"எனக்கு வந்தது பொரியலா? இலையில் ஏதோ பச்சையாகக் கோடு கிழித்துவிட்டுப் போனான்!" என்றார் மைத்துனர். "ரசம் ஆறி, குளத்துத் தண்ணீராக இருந்தது. மூன்று தடவை கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை என்னைத் தவிர எல்லோரையும் பார்த்தான்."

"எனக்குக் கேட்காமலே இரண்டாம் தடவை அப்பளம் வந்தது, மாமா" என்று புதல்வி எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாள்.

எங்களுக்கோ குழம்பில் உப்பு ஒரு கை அதிகமாகத் தோன்றியது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே இருந்தவரையில் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் கவனித்தோம்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், நூலில் கட்டிய பேனாவுடன், வாடிக்கைக்காரர்கள் அபிப்பிராயம் எழுதுவதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். மைத்துனர் அதைக் கண்டதும் போர்வீரன் வாளைக் கண்டதுபோல் பாய்ந்தார். ஆனால் எழுதுவதற்கு முன்னால் முந்தைய பக்கங்களைப் புரட்டினார். நாங்களும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். ஒருவர், 'சாம்பார் அமிர்தம்' என்று எழுதியிருந்தார். அதே தேதியில் அடுத்தவர், 'சாம்பாரில் உப்பைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்' என்று எழுதியிருந்தார். அதற்கடுத்தவர், 'உப்பு என்ற பொருளே இந்த ஊரில் கிடைப்பதில்லையா?' என்று கேட்டிருந்தார். 'பணியாளர் அன்பானவர்கள்' என்பது ஒரு வரி. 'பணியாளருக்கு மரியாதை தெரியவில்லை' என்பது அடுத்த வரி. இத்தனைக்கும் சமையற்கட்டு ஒன்று, அண்டா ஒன்று!

இதில் யார் பொய்யர்? பில் தொகையை வாங்கிக்கொண்டிருந்த பெரியவரிடமே கேட்டோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஐயா! பன்னிரண்டு மணிக்கு வருகிறவருக்கு ஒரு சாம்பார். இரண்டு மணிக்கு வருகிறவருக்கு ஒரு சாம்பார். இரண்டும் ஒரே அண்டாதான்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் இதில் மர்மம் ஒன்றுமில்லை. அண்டா அடுப்பின்மேல் இருக்கிறது. சூடு ஆறாமலிருக்க அனல் எரிந்துகொண்டே இருக்கிறது. தண்ணீர் ஆவியாகப் போகிறது, உப்பு போவதில்லை. ஆகவே நேரம் ஆக ஆகக் குழம்பு கரிக்கிறது. யாரோ ஒருவர் முகத்தைச் சுளித்ததும் உள்ளே வெந்நீர் விளாவுகிறார்கள். அடுத்த பந்திக்கு அது சப்பென்று ஆகிவிடுகிறது. அமிர்தம் என்றவரும், கரிக்கிறது என்றவரும், சப்பென்றிருக்கிறது என்றவரும் அரிச்சந்திரர்களே. பரீட்சை விடைத்தாள் திருத்துகிற எங்களுக்கு இது புதிதல்ல. முதல் தாளைத் திருத்தும் வாத்தியார் வேறு. நாற்பதாவது தாளைத் திருத்தும் வாத்தியார் வேறு. ஆள் ஒருவரானாலும் அண்டா காய்ந்துபோயிருக்கும்.

மைத்துனர் ரசத்தைப் பற்றி நான்கு வரி எழுதினார். இல்லத்தரசி பொரியலைப் பற்றி ஒரு வரி எழுதினாள். "தாத்தா, நீங்கள்?" என்று புதல்வி பேனாவை நீட்டினாள். "சாயங்காலம் இந்த வழியாகத்தானே திரும்புகிறோம்? அப்போது எழுதுகிறேன்" என்றார் பெரியப்பா.

கீரனூர் வரையில் திருச்சி நெடுஞ்சாலையிலேயே வந்து கிழக்கே திரும்பினோம். நார்த்தாமலைக் குன்றுகள் யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல் சாலையிலிருந்தே தெரிந்து மறைந்தன. அப்புறம் செம்மண்; தைலமரக் காடு; நடுநடுவே கண்மாய்; கண்மாய்க் கரையில் பனை. நதி பாய்ந்து வளப்படுத்தும் சீமை அல்ல இது. மழைநீரைத் தேக்கிப் பிழைக்கும் பூமி. இங்கே ஓர் ஏரி வெட்டியவனும் ஒரு பிடி அரிசி கொடுத்தவனும் கல்லில் பெயர் பொறிக்கப்படத் தகுதி பெற்றதில் ஆச்சரியம் இல்லை. குன்றாண்டார்கோவிலில் நாங்கள் கண்டது அதைத்தான்.

ஊருக்குப் பெயர் தந்தவர் குன்றை ஆண்டவராகிய சிவபெருமான். பர்வதகிரீசுவரர் என்று வடமொழியில் வழங்குகிறார். குன்றின் சரிவைக் குடைந்து கருவறையும் முன்மண்டபமும் அமைத்திருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டில் பல்லவப் பேரரசின் கீழ் முத்தரையர்கள் இந்தப் பிரதேசத்தில் செல்வாக்குடன் விளங்கிய காலத்து வேலை அது. பிற்காலத்தில் முன்புறம் கட்டப்பட்ட மண்டபம் மற்றோர் அதிசயம். மண்டபம் முழுவதுமே ஒரு தேர்! கல்லில் சக்கரங்கள் உருள்வதற்குத் தயாராக நிற்கின்றன. குதிரைகள் முன்காலைத் தூக்கி இழுக்கின்றன. ஆயினும் பல நூற்றாண்டுகளாக அது ஓர் அங்குலம்கூட நகரவில்லை. "சர்க்கார் பஸ்ஸை நினைவூட்டுகிறது" என்றார் மைத்துனர். ரசம் அவரை இன்னும் விடவில்லை.

ஆனால் எங்களை அதிக நேரம் நிறுத்திவைத்தவை கல்வெட்டுக்கள். இங்குள்ள பழைய கல்வெட்டுக்களில் ஒன்று நந்திவர்மப் பல்லவமல்லன் காலத்தது. அது சொல்லும் செய்தி போரும் அல்ல, வெற்றியும் அல்ல. திருவாதிரை நாளில் மக்களுக்கு உணவளிப்பதற்காக அரிசி கொடுத்த செய்தி. அவனுக்குப் பின் வந்த தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு, வாலி ஏரி என்று ஓர் ஏரி வெட்டியதைச் சொல்கிறது. நீரும் சோறும்! ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் குன்றின் அடியில் பந்தி நடந்திருக்கிறது. கொடுத்ததைக் கல் சொல்கிறது. குழம்பில் உப்பு எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

"அந்தக் காலத்தில் அபிப்பிராயப் புத்தகம் இல்லையே!" என்றாள் புதல்வி.

"இருந்திருந்தால் யார் யார் எழுதியிருப்பார்கள் அம்மா?" என்று பெரியப்பா கேட்டார். "பந்தியில் யார் உட்கார்ந்தார்கள், யார் வெளியே காத்திருந்தார்கள் என்பதையும் கல் சொல்லவில்லை."

அவர் இதை ஏன் சொன்னார் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

திரும்பும் வழியில், சாலையோரத்தில் கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினோம். இரண்டு பெஞ்சுகள். வயல் வேலை முடித்து வந்த பெண்கள் சிலர் ஒன்றில் அமர்ந்திருந்தார்கள். பெரியப்பா உட்காரவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைக்காரர் தேநீர் ஊற்றும் தம்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்களுக்குக் கண்ணாடித் தம்ளர். அந்தப் பெண்களுக்கும் அதே கண்ணாடித் தம்ளர். எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டுத்தான் கழுவினார்கள். அதன் பிறகே பெரியப்பா பெஞ்சில் அமர்ந்து தேநீரை வாயில் வைத்தார்.

"சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டோம்.

"ஆமாம், ஒரு விதமான சுத்தம்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, சொல்லத் தொடங்கினார்.

அது 1957-ஆம் வருஷம். அவருக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் அவரும், பக்கத்துப் பெஞ்சில் இருந்த இன்னொரு பையனும் கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றார்கள். தலைமையாசிரியர் மகிழ்ந்துபோய், "இரண்டு பேரும் போய் இட்லி சாப்பிடுங்கள்" என்று சில்லறை கொடுத்து அனுப்பினார். கடைவீதியில் ஒரு காபி கிளப். பெரியப்பா உள்ளே போய் உட்கார்ந்தார். கூட வந்த பையனை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டார்கள். கட்டுரையில் முதல் பரிசு அவனுக்குத்தான். அவனுக்கு இட்லி, பின்பக்கத்தில், இலைக் கிழிசலில், காபி கொட்டாங்கச்சியில்.

"நான் எழுந்து வந்திருக்க வேண்டும்" என்றார் பெரியப்பா. "வரவில்லை. பசி. இரண்டு இட்லியும் சாப்பிட்டேன். சட்னி பிரமாதமாக இருந்தது. அதுதான் தம்பி, இத்தனை வருஷமாக என்னைத் தின்கிறது. ருசி நன்றாக இருந்தது! வெளியே வந்தபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. பிறகு என் பக்கத்தில் உட்காரவும் இல்லை. அன்றைக்கு அந்தக் கடையில் ஒரு புத்தகம் வைத்திருந்தால் நான் 'அருமை' என்று எழுதியிருப்பேன். அவன் என்ன எழுதியிருப்பான்?"

எங்களில் யாரும் பேசவில்லை. மைத்துனர்கூட ரசத்தை மறந்துவிட்டார்.

பெரியப்பா சொன்ன அந்த வருஷத்தில் நம் தேசம் சுதந்திரமடைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் பதினைந்தாம் ஷரத்து, கடைகளுக்குள்ளும் பொது உணவு விடுதிகளுக்குள்ளும் நுழைவதற்கு ஜாதி, மதம் எதுவும் தடையாக இருக்கக்கூடாது என்று சொல்கிறது. பதினேழாம் ஷரத்து தீண்டாமையையே ஒழித்தது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போய், பொது உணவு விடுதியில் வைத்திருக்கும் பாத்திரங்களை ஒருவர் உபயோகிப்பதைத் தடுப்பதும் குற்றம் என்றது. பாருங்கள்! மாபெரும் தேசத்தின் பார்லிமெண்டு உட்கார்ந்து, ஒரு காபித் தம்ளரைப் பற்றிச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் வந்து இரண்டு வருஷமான பிறகுதான் அந்தப் பையனுக்குக் கொட்டாங்கச்சி கிடைத்தது.

மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் ஹரிஜன அன்பர்களை அழைத்துச் சென்றதைப் பள்ளியில் நாங்கள் பெருமையுடன் சொல்லிக் கொடுக்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் கதை அங்கே முடிந்துவிட்டதுபோல் சொல்லிக் கொடுக்கிறோமே, அதுதான் பிசகு. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், வேங்கைவயலில், 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்து தமிழ்நாடே தலைகுனிந்தது. விசாரிக்கச் சென்ற மாவட்ட அதிகாரிகள் அங்கே ஒரு தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வழக்கம் இருப்பதையும் கண்டு வழக்குத் தொடுக்கச் செய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில், 2021-இல், மாமல்லபுரத்துப் பெருமாள் கோவில் அன்னதானத்தில் தமக்குச் சோறு மறுக்கப்பட்டதாக நரிக்குறவப் பெண் ஒருவர் முறையிட்டார். பிறகு அறநிலையத் துறை அமைச்சரே அவர் பக்கத்தில் அமர்ந்து உண்டார். நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு பந்திக்கும் ஓர் அமைச்சரை அனுப்ப முடியாது. அந்த நாற்காலியில் நாம்தான் உட்கார வேண்டும்.

வண்டி புதுக்கோட்டையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது எங்களுக்கு ஒன்று தோன்றியது. மத்தியானம் அந்த நோட்டுப் புத்தகத்தில் படித்த முரண்பாடுகளுக்கெல்லாம் அண்டாவும் நேரமும் காரணம் என்று மிகச் சாமர்த்தியமாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தோம் அல்லவா? அது பாதிதான். எந்த நேரத்தில் சாப்பிட்டோம் என்பதைப் பொறுத்து ருசி மாறுகிறது. எங்கே உட்காரவைக்கப்பட்டோம் என்பதைப் பொறுத்து உலகமே மாறிவிடுகிறது. ரசம் ஆறிப்போய்விட்டது என்று குறைப்பட்டுக்கொள்வதற்குக்கூட முதலில் உள்ளே உட்கார இடம் கிடைத்திருக்க வேண்டும்.

விளக்கேற்றும் வேளையில் மறுபடியும் அதே ஓட்டலுக்குள் நுழைந்தோம். மாலைக் காபி நன்றாகவே இருந்தது. மைத்துனர்கூட இரண்டாவது தம்ளர் கேட்டார். அது உடனே வந்தது. காலையில் கவனியாமல் போன சர்வர் பிள்ளை, "ஐயாவுக்கு மத்தியானம் சரியாகக் கவனிக்க முடியவில்லை, கூட்டம்" என்று தானாகவே சொன்னான். மைத்துனர் கல்லாப்பெட்டிக்குப் போய், தாம் எழுதிய நாலு வரிகளுக்குக் கீழே 'காபி நன்று' என்று சேர்த்தார். அவருடைய சரித்திரத்தில் இது ஒரு பெரிய சரணாகதி.

பெரியப்பா பேனாவை வாங்கினார். கை சற்று நடுங்கியது. தபாலாபீஸ் பழக்கத்தில் முதலில் தேதியை எழுதினார். பிறகு, இடம் விட்டு, திருத்தமான கையெழுத்தில் எழுதி முடித்து, புத்தகத்தை மூடாமலே நகர்ந்தார். நாங்கள் குனிந்து படித்தோம்:

'மத்தியானம் என் எதிரில் வந்து உட்கார்ந்தவரை இங்கே யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. இருவருக்கும் ஒரே மாதிரி இலை, ஒரே மாதிரி தம்ளர். மிகவும் திருப்தி. குழம்பில் உப்பு மட்டும் கொஞ்சம் அதிகம்.'